மூத்த மகள் என்று போட்ட பத்திரிகை

அம்மணி,

நாலு வருசம் கழித்து எழுதுகிறேன். உன் தங்கச்சி பெனிட்டாவுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, பல்லடத்தில் நம்ம சபையில் கல்யாணம்.

போன ஞாயிறு வேதபாட வகுப்பில் பேச்சு யூதர்கள் பக்கம் போனது. "அவங்களைக் கடவுள் தள்ளிப்போட்டாரு, இப்ப நாமதான் அவரு சனம்" என்றார் ஒருத்தர். எனக்குப் பொறுக்கவில்லை. "இஸ்ரவேல் என் மூத்த மகன்னு அவரே சொல்லியிருக்காருங்க. நாம பின்னால வந்தவங்க. ஆபிரகாமுக்குக் குடுத்த வாக்கை மாத்துறவரு, நமக்குக் குடுத்ததை மட்டும் காப்பாத்துவாரா? வாக்கு மாறுற ஆளுகிட்ட நான் கோழித்தீவனம்கூட வாங்க மாட்டேன். அந்த சனத்துக்கு ஒரு கஷ்டம்னா நாம கூட நிக்கோணும்" என்றேன்.

பின் பெஞ்சிலிருந்த எஸ்தர் டீச்சர் கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார். "ஏனுங்க, இதுல பெனிட்டாவை மூத்த மகள்னு போட்டிருக்கீங்களே, இது எந்த வாக்குங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அச்சாபீஸில் அப்படிப் போடச் சொன்னது நான்தான். நீ எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்ததைப் பற்றி இப்போது பேச வரவில்லை. பத்திரிகை வந்த அன்று உன் அம்மா சாப்பிடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

மறுபடி அச்சடித்துவிட்டேன். இதில் பெனிட்டா இளைய மகள். ஒன்று இத்துடன் இருக்கிறது.

சபையில் பெண் வீட்டாருக்கு முன்வரிசை. உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் இரண்டு இடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வராவிட்டாலும் அந்த இடத்தில் வேறு யாரையும் உட்காரவைக்க மாட்டேன்.

உன் அப்பா