என்னைக் கேட்ட டொக்டர்

1980 ஜனவரி 21

பிள்ளை பெற்று நாற்பது முடிந்து நாலு நாள். உம்மா தலைக்கு ஊற்றிவிட்டு, "இனி நீ பழைய ஹாஜறா" என்றா. பழைய ஹாஜறா எங்கே போனாள் என்று எனக்கும் யாராவது சொன்னால் நல்லது.

ஏழு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தபோது மருதமுனை முழுக்க எனக்காகத் துஆ கேட்டது. இப்போது மசூர் பிறந்துவிட்டான். நானோ அழுதுகொண்டிருக்கிறேன். துஆ கேட்டவர்களுக்கு இது பெரிய மரியாதைக் குறைவாம். என் புருசனின் மூத்த ராத்தா லைலா மதினி தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "அல்லாஹ் தந்ததுக்கு அழுற ஆள இப்பதான்கா பாக்கன்."

அதற்கும் அழுதேன்.

ஜனவரி 24

இன்று அழுகைக்குக் காரணம் தேடினேன். பிள்ளை சுகம். மீன்கறி நல்ல ருசி. இவர் கோபப்படவில்லை. காரணம் அகப்படவில்லை. அழுகை மட்டும் நேரத்துக்கு வந்தது.

ஜனவரி 29

இவர் என்னை டொக்டரிடம் கூட்டிப் போனார். இவர் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். வீட்டிலும் கடிதம் எழுதுவது போலத்தான் பேச்சு. "உன்ட விசயம் கவனத்துக்கு எடுக்கப்பட்டிரிக்கி" என்று போன கிழமை சொன்னார். இன்று நடவடிக்கை.

டொக்டர் இவரைப் பார்த்துக் கேட்டார்: "அவவுக்கு என்ன செய்யுது?"

இவர்: "சாப்பாடு குறைவு சேர். நித்திரையும் குறைவு. சும்மா அழுறா."

"வயித்தெரிவு இரிக்கா?"

இவர் கொஞ்சம் யோசித்து, "ஓம் சேர், இரிக்கும்" என்றார்.

என் வயிற்றுக்கு இவர் எப்படிச் சாட்சி? வாயைத் திறந்தேன். அதற்குள் டொக்டர் மருந்துத் துண்டு எழுதி முடித்துவிட்டார். இவரை நாலு தரம் பார்த்தார், துண்டை இரண்டு தரம், வாசலில் நின்ற அடுத்த நோயாளியை ஒரு தரம். என்னை ஒரு தரமும் இல்லை. வெள்ளை மருந்து ஒரு போத்தல். நாளுக்கு மூன்று கரண்டி.

பிப்ரவரி 6

போத்தல் முடிந்தது. வயிற்றில் முன்பு இல்லாத எரிவு இப்போது இருக்கிறது. இவர் சொன்னது பலித்துவிட்டது.

உம்மா விடவில்லை. பெரியநீலாவணைக்குக் கூட்டிப் போய்க் கந்தப்போடிப் பரிசாரியிடம் காட்டினா. நல்ல மனிதர். நாடி பிடித்துக்கொண்டு, "மகள், நித்திரை எப்படிப் போகுது?" என்று என்னிடமே கேட்டார். எனக்குச் சந்தோசம். எங்கே தொடங்குவது என்று நான் யோசிப்பதற்குள் உம்மா அரை மணித்தியாலம் பதில் சொல்லி முடித்தா. அதில் உம்மாவின் முழங்கால் வருத்தமும் சேர்ந்துவிட்டது.

தீர்ப்பு: வாயு. தலைக்கு ஒரு எண்ணெய். உம்மாவின் முழங்காலுக்கு வேறொரு எண்ணெய்.

பிப்ரவரி 13

உம்மாவின் முழங்கால் சுகம்.

நான் நாள் முழுக்கப் பொரியல் சட்டி மாதிரி மணக்கிறேன். வேறு மாற்றம் இல்லை. மதினி கண்ணூறு என்று முடிவு கட்டி, சந்தேகத்துக்குரிய ஆட்கள் மூன்று பேரின் பெயரும் சொன்னா. மூன்று பேரும் மதினியோடு கோபமாக இருப்பவர்கள். போகும்போது இன்னொரு வைத்தியமும் சொன்னா: "அடுத்தத பெத்தா எல்லாம் சரியாகும் புள்ள." மருந்துக் குளிசை ஒத்துக்கொள்ளாதவளுக்கு இரண்டாகப் போடச் சொல்வது போல.

பிப்ரவரி 14

இதை எழுதலாமா? எழுதிவிட்டுக் கிழிக்கலாம்.

பிள்ளையோடு கிணற்றடிக்குப் போக எனக்குப் பயம். கல் வழுக்கும் என்று இல்லை. என் கையை நினைத்துத்தான் பயம். அவன் கைக்குள் இருக்கும்போது ஒரு நினைப்பு வருகிறது. நான் கூப்பிடாமல் வருகிறது. வந்ததும் அவனை உம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறேன். நான் அப்படிச் செய்யமாட்டேன். செய்யமாட்டேன்தானே?

ஆருட்ட போய்ச் செல்லுற இத? செல்லினா புள்ளயப் பறிச்சிட்டு என்னப் பூட்டி வெப்பாங்க. செல்லாம இரிந்தா — யா அல்லாஹ், செல்லாம எத்தின நாளைக்கி?

கிழிக்கவில்லை.

பிப்ரவரி 20

மதினி என்னை மீராமுகைதீன் மௌலவியிடம் கூட்டிப் போனா. திரைக்கு அந்தப் பக்கம் அவர். கேள்விகள் கேட்டார், மதினி பதில் சொன்னா. நடுவில் அவர், "அந்தப் புள்ள கதைக்காதா?" என்றார். நான், "நெஞ்சில கல்லு வெச்ச மாதிரி இரிக்கி ஹஸ்ரத்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

தண்ணீர் ஓதித் தந்தார். பிறகு சொன்னார்: "இதக் குடிங்க, அல்லாஹ்ட்ட கேளுங்க. ஆனா இது டொக்டர்மார் பாக்கிற வருத்தம். நல்ல டொக்டர் ஒராள்ட்ட காட்டச் சொல்லுங்க."

வரும் வழியெல்லாம் மதினிக்குக் கோபம். "இவருக்கு முந்தி மாதிரி ஓத்துல கவனம் இல்ல."

பிப்ரவரி 27

மௌலவியே சொன்ன பிறகு இவரால் மறுக்க முடியவில்லை. கந்தோரில் விசாரித்து ஒருவரைக் கண்டுபிடித்தார். கல்முனையில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. வாசலில் பலகை: 'பேராசிரியர் அச்சிமுகம்மது, மனோதத்துவ நிபுணர். பரீட்சைப் பயம், திக்குவாய், கூச்சம், ஞாபக மறதி.' எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பேராசிரியர் என்று போடவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது. மனம் என்ற சொல்லையாவது பலகையில் எழுதியிருக்கிறாரே.

இவர் படியில் நிற்க, பேராசிரியர் ஒரு சங்கிலி மணிக்கூட்டை என் முகத்துக்கு முன் ஆட்டினார். "உங்கட கவலை எல்லாம் போகுது… போகுது…" என்றார். எனக்கு நித்திரை வரவில்லை. அவருக்குக் கொட்டாவி வந்தது. இரண்டு கிழமையாகத் தானும் சரியாகத் தூங்கவில்லை என்றார். ஏன் என்று மரியாதைக்குக் கேட்டேன்.

அது என் பிழை.

அவருடைய மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் இருக்கிறாவாம். ஆக்கிய கறியைப் பற்றி அவர் ஏதோ சொல்லிவிட்டாராம். முக்கால் மணித்தியாலம் சொன்னார். கண்கூடக் கலங்கியது. "நீங்களே போய்க் கூட்டி வாங்க சேர், கறியப் பத்தி மட்டும் கதைக்காதங்க" என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

"நல்ல முன்னேற்றம் தெரியுது" என்று அவர் இவரிடம் சொன்னார். யாருடைய முன்னேற்றம் என்று சொல்லவில்லை.

மார்ச் 1

இன்று மசூரை ஒரு தரமும் தூக்கவில்லை. உம்மாவிடம் கைநோவு என்று சொன்னேன்.

மார்ச் 6

பிள்ளையை நிறுக்க ஊர் மருத்துவிச்சி, மிட்வைஃப் பாக்கியம் மிஸ் வந்தா. நிறுத்தா, எழுதினா. "கைநோவாமே" என்று என் கையைப் பிடித்துப் பார்த்தா. பிறகு உம்மாவிடம், "உம்மா, எனக்கு ஒரு பிளேன்டீ ஊத்துங்களன். இஞ்சி தட்டிப் போட்டு" என்றா. வீட்டில் இஞ்சி இல்லை. உம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினா.

மிஸ் பாய்க்கு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தா. "கை நோகல்ல. பிள்ளையத் தூக்கப் பயமா?"

ஒரு மாதத்துக்கு மேலாக வைத்தியம் செய்கிறார்கள். ஒருவரும் கேட்காத கேள்வி. நான் ஓம் என்று தலையாட்டினேன். என்ன பயம் என்று சொல்லவில்லை. அவவும் தோண்டவில்லை.

"மட்டக்களப்பில ஒரு லேடி டொக்டர் இருக்கிறா. மிஸிஸ் அழகரெத்தினம். மனவருத்தத்துக்கெண்டே படிச்சவ. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டில பாக்கிறா. பொம்பிளையளுக்கு இப்படி வாறது அவவுக்கு நல்லாத் தெரியும். கட்டாயம் போங்க. பிந்த வேணாம்."

உம்மா இஞ்சியோடு வரும்போது நாங்கள் பிள்ளையின் நிறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 10

பாக்கியம் மிஸ் சொன்ன டொக்டரைப் பற்றி வீட்டில் சொன்னேன். வீடு இரண்டுபட்டுவிட்டது.

மதினி: "பைத்திய டொக்டரா? நாளைக்கி அங்கொடப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்பாங்க. நம்மட குடும்பத்துல இன்னும் ரெண்டு குமர் இரிக்கி. ஆரு கலியாணம் பேசி வருவான்?"

உம்மா அழுதா. நான் சொன்னேன், என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது: "கூட்டிப் போகாட்டி நான் தனிய பஸ் ஏறுவன். இல்லாட்டி இந்தப் புள்ளக்கி என்னவும் நடந்தா ஆரும் என்னக் கேக்கப்படாது."

இவர் என் முகத்தைக் கன நேரம் பார்த்தார். கலியாணம் முடித்து இவ்வளவு காலத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு, "அடுத்த கிழம செவ்வாய் போவம். ஊருக்குக் கண் டொக்டர் என்டு செல்லுவம்" என்றார்.

கிளாக்கர் மூளை. தலைப்பை மாற்றினால் பைல் நகரும்.

மார்ச் 18

போய் வந்தோம்.

சின்ன வீடு, முன் அறையில் மேசை. நரைமுடி, பருத்திச் சேலை. வழக்கம்போல இவர் தொடங்கினார்: "டொக்டர், அவவுக்கு சாப்பாடு —"

"தம்பி, அவவுக்கு வாய் இருக்குதானே. நீங்க பிள்ளைய வெச்சுக்கொண்டு வெளிய இருங்க."

இவர் மசூரை வாங்கிக்கொண்டு போனார், மேலதிகாரிக்குப் பைல் கொண்டுபோவது போல இரண்டு கையிலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு.

கதவைச் சாத்திவிட்டு டொக்டர் என்னைப் பார்த்தா. "சொல்லுங்க ஹாஜறா."

இத்தனை நாளும் மற்றவர்கள் சொல்லிச் சொல்லி என் வருத்தம் எனக்கே மனப்பாடமில்லை. அவ அவசரப்படவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டா: "பிள்ளைக்கு நானே ஏதும் செஞ்சு போடுவனோ எண்டு நினைப்பு வருதா?"

அழுகை வரவில்லை. ஆச்சரியம். எல்லாம் சொன்னேன். கிணற்றைச் சொன்னேன். கையைச் சொன்னேன். என்னைப் பூட்டுவார்கள் என்ற பயத்தையும் சொன்னேன்.

"உங்களுக்கு அப்படிச் செய்ய விருப்பமா?"

"அல்லாஹ்வே, இல்ல."

"அந்த நினைப்பு வந்தா என்ன செய்யிறீங்க?"

"புள்ளய உம்மாட்ட குடுத்திட்டு ஓடுவன்."

"பிள்ளையக் காப்பாத்தத்தானே ஓடுறீங்க. பிள்ளை பெத்த பொம்பிளையளுக்கு வாற வருத்தம் இது. உங்கட குணம் இல்ல. மாறும். குளிசை தாறன், ரெண்டு கிழமைக்கொருக்கா வந்து கதையுங்க. சுகம் வாற மட்டும் வீட்டில உங்களோட ஒராள் இருக்க வேணும். நினைப்புக் கூடினா அடுத்த செவ்வாய் மட்டும் காத்திருக்கப்படாது, உடனே வரவேணும்."

இதே வருத்தத்தோடு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். "எண்ணிறதில்ல. ஆனா வந்த எல்லாரும் தனக்கு மட்டும்தான் எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தவை" என்றா.

வெளியே இவர் சட்டையெல்லாம் ஈரமாக இருந்தார். "ஒரு மணித்தியாலம் கத்தினான். நீ நாள் முழுக்க இதத்தான் கேக்கியா?" என்றார்.

ஏப்ரல் 2

நேற்று இரண்டாம் தரம். டொக்டர் இவரையும் உள்ளே கூப்பிட்டு, எல்லாம் விளக்கி, பின்னேரங்களில் பிள்ளையை நீங்கள் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னா. இன்று கந்தோர்த் தாளில் அட்டவணை வந்துவிட்டது. 'பி.ப. 4.30 – 6.00: பிள்ளை. பொறுப்பு: ஸைனுலாப்தீன்.' கீழே கையெழுத்தும் வைத்திருக்கிறார். நான் சிரித்தேன். உம்மா குசினியிலிருந்து ஓடிவந்து பார்த்தா, என்ன நடந்தது என்று.

ஏப்ரல் 9

தெருவில் கேட்கிறார்களாம்: "கண் டொக்டர்ட்ட ரெண்டு தரம் போயும் கண்ணாடி எங்க?" இவர் கல்முனைக்குப் போய் வெறும் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி ஒன்று வாங்கி வந்தார். போட்டுக்கொண்டு பால் கொடுத்தேன். மசூர் பயந்து கத்தினான். பொய்யில் எனக்கு மூக்குதான் நோகிறது.

ஏப்ரல் 24

கூடாத நாள். பழைய நினைப்பு திரும்ப வந்தது. ஓடவில்லை. உம்மாவைப் பக்கத்தில் இருக்கச் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன், முழுதாக. உம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ பிறந்த நேரம் எனக்கும் வந்திச்சி மகள். ஆருக்கும் செல்லல்ல" என்றா.

முப்பது வருடம்.

மே 9

உம்மா பக்கத்தில் நிற்க, கிணற்றடியில் மசூரை நான் குளிப்பாட்டினேன். சவர்க்காரம் கண்ணில் பட்டு ஊரைக் கூட்டினான். அவ்வளவுதான் நடந்தது.

மே 26

டீச்சர் வேலைக்குத் திரும்பப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி ஒரு கிழமை. செவ்வாய் அரைநாள் லீவுக்குப் பத்திரம் நிரப்ப வேண்டும். 'காரணம்' என்று ஒரு கோடு. இவர் வழக்கம்போல, "கண் என்டு எழுது" என்றார். எழுதப் பேனையை வைத்தேன். கை போகவில்லை. 'மனநல வைத்தியரைச் சந்திக்க' என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில்.

அதிபர் அப்துல் ஸமட் சேர் வாசித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "டீச்சர், இது பைலில கிடக்கும். நாளைக்கி நாலு பேர் பாப்பாங்க. கண், பல்லு என்னவும் எழுதுங்களன்."

"பாக்கட்டும் சேர். பல்லில ஒரு வருத்தமும் இல்ல."

சேர் பேனையைத் திறந்தார், மூடினார், திறந்தார். கையெழுத்து வைத்தார். பத்திரத்தைத் தராமல் கையில் வைத்துக்கொண்டே, யன்னலைப் பார்த்துச் சொன்னார்: "எங்கட வீட்டுக்காரி ஒரு வருசமா அறைய விட்டு வாறல்ல. மகள் மவுத்தாகி அடக்கின நாள்ல இரிந்து. நான் கேஸ் மருந்து குடுத்துட்டு இரிக்கன்."

ஜூன் 10

செவ்வாய். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் அதிபரின் மனைவி ஆயிஷா உம்மா. சேர் முன் ஆசனத்தில், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. பஸ் கல்லாற்றுக்கு வந்தது. பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டா:

"அந்த டொக்டர் ஆரக் கேப்பாங்க? அவரயா?"

"இல்ல. உங்களத்தான்."

அவ ஆற்றின் பக்கம் திரும்பினா. பிறகு உதடு அசைந்தது. என்ன என்று குனிந்து கேட்டேன்.

"என்ன செல்லுற என்டு இப்பவே செல்லிப் பாக்கன்" என்றா.