கேரி தீவிலிருந்து கொண்டுவந்த குழாய்கள்

அக்கா,

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் தூறல். வேலைக்குப் போகப் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். சாலை விளக்கு பச்சைக்கு மாறியதும் ஒரு பழைய கார் மெல்ல நகர்ந்து என்னைக் கடந்தது. அதன் கூரையில் நீளநீளமான இரும்புக் குழாய்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்பு பிளாஸ்டிக் பை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கார் வேகமெடுத்தபோது குழாய்களுக்குள் காற்று புகுந்து அந்தச் சத்தம் வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் பஸ் வந்தது, நின்றது, போயும் விட்டது. நான் ஏறவில்லை.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இன்றாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் நீங்கள் மூத்த தாதி. நான் பதிவேட்டு அறையில் டைப் அடிக்கும் கிராணி. எனக்கு அப்போது முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. உங்கள் குவார்ட்டர்ஸில் பின்னறையைக் கொடுத்து என்னை வைத்திருந்தீர்கள். உங்களுக்கு ஐம்பத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை ஓய்ந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. கிள்ளானுக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் இரண்டறை வீடு கட்ட ஆரம்பித்திருந்தீர்கள். சுவர் எழும்பியாயிற்று, கூரையும் போட்டாயிற்று. சாலையிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரக் குழாய்தான் இல்லை. இன்னும் பத்து நாளில் நாம் இருவரும் சாமானோடு தெருவில் நிற்க வேண்டியதுதான் என்ற நிலை.

பாலம் தாண்டினால் கேரி தீவு. அங்கே ஒரு தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸராக இருந்தவர் உங்களோடு முன்பு வேலை பார்த்தவர். தோட்டத்துப் பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டார்கள், நல்ல குழாய்கள் கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். லோரிக்காரன் மூன்று முறை வருகிறேன் என்று சொல்லி மூன்று முறையும் வரவில்லை. மூன்றாவது முறை நீங்கள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தீர்கள்.

"அக்கா, குழாய் இருபது அடி. நம்ம காரு அதுல முக்கால்வாசிகூட இல்லையே" என்றேன்.

"கார் மேல வைக்கிறதுக்கு, உள்ள வைக்கிறதுக்கில்லை. வாரும்."

யாழ்ப்பாணத்துக் குடும்பம் உங்களுடையது. பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தும் உங்கள் பேச்சு மாறவே இல்லை. "வாரும்" என்று நீங்கள் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

டிரெஸ்ஸர் கெட்டிக்காரர். கூரைமேல் கோணிச் சாக்குகளை மடித்துப் போட்டு, ஆறு குழாய்களையும் அடுக்கினார். முன் பம்பரில் ஒரு கட்டு, பின் பம்பரில் ஒரு கட்டு. பிறகு நம்மை உள்ளே உட்காரச் சொல்லி, நான்கு கதவுகளையும் சாத்தி, ஒரே கயிற்றை ஜன்னல் வழியாக விட்டுக் கூரையைச் சுற்றிச் சுற்றி இறுக்கினார். நம் தலைக்கு மேலே இரண்டு இடத்தில் கயிறு குறுக்கே ஓடியது. முடிச்சை வெளியே, குழாய்களின் மேல் போட்டார்.

"சிஸ்டர், கதவு இனிமே திறக்காது. வீட்டுக்குப் போனதும் யாரையாச்சும் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லுங்க லா."

"ரெண்டு பேரையும் சேர்த்தெல்லோ பார்சல் கட்டிப்போட்டீர்" என்று நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. என் பக்கத்தில் கண்ணாடி இறக்கும் கைப்பிடியே உடைந்திருந்தது. கயிறு நுழையும் அளவுக்குத்தான் திறப்பு.

நாம் புறப்பட்டபோது மணி நான்குகூட இல்லை. ஆனால் வானம் கறுத்துவிட்டது. செம்மண் சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். இடது பக்கம் அகலமான கால்வாய். குழாய்களின் முன் முனைகள் நம் கண்ணுக்கு முன்னால் கொம்புகள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. கொஞ்சம் வேகம் பிடித்ததும் மேலேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் சன்னமாக, பிறகு ஏறி, நீண்டு.

"குழாய் பாடுது" என்றீர்கள்.

"பாடற மாதிரி இல்லக்கா. யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு."

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். வேகத்தைக் குறைத்தீர்கள். சத்தமும் இறங்கியது. அப்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. காற்றுதான், வேறொன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மழை கொட்டியது. கடலில் நீர் ஏறும் நேரம் போலிருக்கிறது, கால்வாய்த் தண்ணீர் விளிம்பைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டது. எது சாலை, எது கால்வாய் என்று தெரியாமல் எல்லாம் ஒரே பழுப்பு. நீங்கள் தலையை முன்னால் நீட்டி, மெல்ல மெல்லத்தான் ஓட்டினீர்கள். என் பக்கத்துச் சக்கரம் எதன் மேலும் இல்லை என்று எனக்கு முதலில் தெரிந்தது. கத்துவதற்குள் கார் சரிந்தது. வேகமாக இல்லை, படுக்கப் போகிற மாடு மாதிரி நிதானமாகச் சரிந்தது. குழாய்களின் முனை கால்வாய்ச் சேற்றில் குத்தி நின்றது. எஞ்சின் அணைந்தது.

என் ஜன்னல் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. குளிர்ந்த, சேற்று நாற்றம் அடிக்கும் தண்ணீர். முழங்காலுக்கு வந்தது, மடிக்கு வந்தது.

"அக்கா, தண்ணி உள்ள வருதுக்கா! கதவத் திறங்க!"

"திறக்காதப்பா. கட்டியெல்லோ இருக்கு."

நீங்கள் தோளால் இடித்தீர்கள். கதவு நூலளவு அசைந்து நின்றது. கத்தி, கத்தரிக்கோல் எதுவும் காரில் இல்லை. ஆஸ்பத்திரியில் எந்த நேரமும் கத்தரிக்கோல் வைத்திருக்கும் உங்கள் பையில் அன்றைக்கு ஒரு திருநீற்றுப் பொட்டலமும் கைக்குட்டையும்தான் இருந்தன.

அப்போதுதான் நான் கவனித்தேன். கார் நின்றுவிட்டது. காற்றும் இல்லை, மழை நேராக விழுந்துகொண்டிருந்தது, மரங்களில் ஒரு மட்டையும் அசையவில்லை. ஆனாலும் தலைக்கு மேலே அந்தச் சத்தம் நிற்கவில்லை. ஒரே சுருதியில், மூச்சே விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உங்களுக்கும் கேட்டது, எனக்குத் தெரியும். உங்கள் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

தண்ணீர் என் மார்புக்கு வந்தபோது, இருக்கையில் முழங்காலை ஊன்றி உங்கள் மேல் ஏறினேன். உங்கள் தோளைத் தாண்டி, பாதி திறந்த ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுக் கூரைமேல் துழாவினேன். முடிச்சு விரல் நுனிக்குத் தட்டுப்பட்டது. ஊறிப்போய்க் கல் மாதிரி இருந்தது. நகத்தால் பிறாண்டினேன். அது அசையவே இல்லை.

இனி எழுதப் போவதைத்தான் அக்கா, உங்களிடம் பதினாறு வருஷம் சொல்லவில்லை.

யாரோ என் விரல்களைத் தொட்டார்கள். நனைந்த, சொரசொரப்பான விரல்கள். மழையைவிடக் குளிராக இருந்தன. அவை என் விரல்களைப் பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அடுப்பருகே தெரியாமல் கையை நீட்டிய பிள்ளையின் கையை எடுத்து ஒதுக்கிவிடுவார்களே, அப்படி ஒதுக்கின. எந்த அவசரமும் இல்லை அந்த விரல்களில். அடுத்த கணம் உங்கள் தலைக்கு மேலிருந்த கயிறு தொய்ந்து, வழுக்கி, ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. சத்தமும் அதோடு நின்றது.

கதவு மேல்நோக்கித் திறந்தது. நான் கீழேயிருந்து உங்கள் இடுப்பில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். முழங்கால் வலிக்காரியான நீங்கள் அவ்வளவு லேசாக வெளியேறியது எனக்கு அப்போதே ஆச்சரியம். பின்னால் நானும் தொற்றி ஏறினேன்.

சாலையில் யாரும் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு போட்ட மாதிரி நேர்ச்சாலை, மழையும் மரங்களும்தான். சாலை நடுவில், தண்ணீர் ஏறாத ஒரு மேட்டில், அந்தக் கயிறு கிடந்தது. வேலை முடிந்ததும் ஆட்கள் கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி வைப்பார்களே, அப்படிச் சுற்றி வைத்திருந்தது.

நீங்கள் கயிற்றைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "கெட்டிக்காரி, அவிழ்த்துப்போட்டீர்" என்றீர்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிப் பாக்காமல் நடவும்" என்றீர்கள்.

டிரெஸ்ஸர் வீடு வரை மழையில் நடந்தே போனோம். மறுநாள் அவர் டிராக்டரைக் கொண்டுவந்து காரையும் குழாய்களையும் மேலேற்றினார். கயிற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு அவிழ்த்தது? நான் போட்ட முடிச்சு லா இது. நனைஞ்சா நானே வெட்டித்தான் எடுக்கணும்" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: "இவதான். இவவின்ர விரல் டைப் அடிச்சு அடிச்சு இரும்பு மாதிரி."

அதன் பிறகு அது உங்கள் கதையாகிவிட்டது. புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாருக்கும் என்னைக் காட்டிச் சொன்னீர்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னீர்கள். "என்ர உயிரைக் காப்பாத்தின பிள்ளை. முடிச்சை அவிழ்த்து, கையைப் பிடிச்சு இழுத்துப்போட்டவ." என் மாமியார் அன்றிலிருந்து என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. முதலில் பயத்தில் பேசாமல் இருந்தேன். பிறகு, அந்தக் குழாய்த் தண்ணீரைத்தானே நீங்கள் தனியாக அந்த வீட்டில் குடிக்கிறீர்கள், இதைச் சொல்லி எப்படி உங்களைத் தூங்கவிடாமல் செய்வது என்று இருந்தேன். அதற்கும் பிறகு, உண்மையைச் சொல்கிறேன் அக்கா, அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஆனாலும் உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் தண்ணீர் கேட்டதில்லை. தேநீர் போட எழுந்தால் வேண்டாம் என்பேன். கடையில் ஒரு போத்தல் சர்பத் வாங்கிக்கொண்டுதான் வருவேன். அதைப் பார்த்து நீங்கள் லேசாகச் சிரிப்பீர்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக உங்களைப் பார்த்தது நாம் இருவரும் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், பார்வையாளர் நேரத்தில். உங்கள் குரல் மிகவும் இறங்கியிருந்தது. அருகே குனிந்து கேட்டேன்.

"உமக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நீர் எனக்குக் கீழதானே இருந்தீர்?"

"எப்பக்கா?"

"உமக்குத் தெரியும் எப்பவெண்டு. என்ர கையைப் பிடிச்சு மேல இழுத்தது நீர் இல்லை. உம்மட தலை என்ர இடுப்பில முட்டிக்கொண்டு கிடந்தது. நான் ஒரு நாளும் மறக்கேல்லை."

"தெரிஞ்சுமா அக்கா எல்லார்கிட்டயும் என் பேரச் சொன்னீங்க?"

"பின்ன? பக்கத்து அறையில படுக்கிற பிள்ளை. பயப்பிடுவீர் எண்டுதான்."

"யாரா இருக்கும் அக்கா?"

"ஆரோ. வந்தவை, செய்தவை, போயிட்டினம். பேர் கேக்க எங்களுக்கு நேரம் இருக்கேல்லை."

அப்போது என் பாதியை நான் சொல்லியிருக்க வேண்டும். என் விரல்களை யாரோ ஒதுக்கினார்கள் அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். வாயெடுத்தபோது மணி அடித்துவிட்டது. தாதி வந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். நாளை வருகிறேன் என்றேன். மறுநாள் நான் வந்தபோது உங்கள் கட்டிலில் புதிய விரிப்புப் போட்டிருந்தார்கள்.

நான் பயப்படக்கூடாதென்று நீங்களும், நீங்கள் பயப்படக்கூடாதென்று நானும் பதினாறு வருஷம் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். இப்போது அதைப் பிடித்துக்கொள்ள நான் மட்டும்தான்.

யார் காரில் ஏறினாலும் நான் உட்காரும் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். குளிர்சாதனம் ஓடினாலும் சரி, மழை பெய்தாலும் சரி. "சீட்டு நனையுது லா, மூடேன்" என்று என் வீட்டுக்காரர் கத்துவார். மூடமாட்டேன். அதிகம் இல்லை அக்கா. வெளியிலிருந்து ஒரு கை நுழையும் அளவுக்குத்தான்.