முந்தானை விரிக்காத கூலி

மதினி,

இன்று காலை ரேஷன் கடையில் கோதுமை போட்டார்கள். புது மூட்டையைப் பிரித்ததும் சாக்கும் தவிடும் தூசியுமாக ஒரு வாசம் வந்தது பாருங்கள், அப்படியே நின்றுவிட்டேன். நான் கொண்டுபோன பை அடியில் கிழிந்திருந்தது. எடை போடுகிற தம்பி நல்ல பிள்ளைதான். "முந்தானையப் பிடிங்க ஆத்தா, போட்டுர்றேன். பின்னால ஆளுக நிக்கிறாக" என்றான். என் கை முந்தானைப் பக்கம் போகவே இல்லை. "இருப்பா, இந்தா வந்துர்றேன்" என்று வீட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் உங்களோடுதான் பேசிக்கொண்டு நடந்தேன். நீங்கள் இருந்திருந்தால் இதையெல்லாம் எழுதவா போகிறேன்? அடுப்படியில் வந்து ஒரே மூச்சில் கொட்டியிருப்பேன்.

அனுமந்தன்பட்டியிலிருந்து என் அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்த நீங்கள், முதல் அறுப்புக்கே என்னோடு வயலில் இறங்கினீர்கள். அந்தி சாயும்போது களத்து மேட்டில் மேஸ்திரி கூலி நெல் அளக்க மரக்காலோடு நிற்பார். நாம் வரிசையாகப் போய் முந்தானையை விரித்துக் குனிய வேண்டும். மேலேயிருந்து அவர் நெல்லைக் கொட்டுவார். பாதி மடியில் விழும், மீதி மண்ணில் சிதறும். அதையும் குனிந்து பொறுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்ததால் எனக்கு அதில் ஒன்றும் உறைத்ததில்லை. நீங்கள்தான் வீட்டுக்கு வந்து நெல்லை முறத்தில் உதறிவிட்டு, "பிச்சை வாங்கிட்டு வந்த மாதிரியே இருக்குத்தா" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய வீட்டுப் பெண்ணாக்கும் என்று கேலி பேசினேன்.

எழுபதுகளின் கடைசியில் வந்ததே ஒரு கோடை, நினைவிருக்கிறதா? வாய்க்கால் காய்ந்து, வயல் வேலை நின்று, அண்ணன் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். அப்போதுதான் வேலைக்கு உணவுத் திட்டத்தில் நம் ஊர்க் கண்மாயைத் தூர்வார ஆள் எடுத்தார்கள். கூலிக்குக் கோதுமை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு என்று யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் ஜீப்பில் வந்து சொல்லிவிட்டுப் போனார். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "சர்க்காரு வேலைத்தா. இங்கன ஆரு தயவும் நமக்கு வேணாம்" என்று சும்மாட்டை உதறிக் கட்டினீர்கள்.

கூலி நாளன்று நீங்கள் இடுப்பில் ஒரு நார்ப்பெட்டியோடு வந்தீர்கள். தாய்வீட்டுச் சீர்ப்பெட்டி. கரை மேட்டில் மரக்காலோடு நின்றது அதே களத்து மேஸ்திரிதான். நீங்கள் பெட்டியை மேட்டுக்குக் கீழே மண்ணில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றீர்கள்.

"என்னத்தா இது? முந்தானைய விரி."

"பெட்டியில போடுங்க."

"புதுப் பழக்கமா? ஊரே விரிக்குது, ஒனக்கு மட்டும் என்ன?"

"மண்ணு செமந்த கூலிதான கேக்குறேன். அதுக்கு எதுக்குங்க மடியேந்தணும்?"

மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப ஒனக்குக் கூலியும் இல்ல, நாளைக்கு வேலையும் இல்ல. போ அங்கிட்டு" என்றார். நீங்கள் போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நானும் உட்கார்ந்தேன், உள்ளுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டேதான். வீட்டில் அண்ணன் கிடக்கிறார், பிள்ளை கஞ்சிக்கு அழும், இந்த மதினிக்கு ரோசத்தைப் பார் என்று. மற்றவர்கள் விரித்து வாங்கிக்கொண்டு போனார்கள். "கலெக்டர் பொண்டாட்டி உக்காந்திருக்காக, வழி விடுங்க" என்று ஒருத்தி சிரித்ததும் காதில் விழுந்தது. நாம் வெறும் பெட்டியோடு வீடு திரும்பினோம்.

மறுநாள் காலையில் அதே பெட்டியோடு, வேலை இல்லை என்று சொன்ன இடத்துக்கே போய், யாரையும் கேட்காமல் மண்ணைச் சுமக்க ஆரம்பித்தீர்கள். மேஸ்திரி கத்திக்கொண்டிருக்கும்போது ஓவர்சியர் ஜீப் வந்தது. என்ன சத்தம் என்று கேட்டார். நீங்கள் சொன்னீர்கள். அவர் முழுசாகக்கூடக் கேட்கவில்லை. "எதுல வாங்குனா ஒனக்கென்னய்யா? அந்தம்மா கேக்குறதுல போடு. வேலையை நிறுத்துறதுக்கு நீ ஆரு?" என்றார். அவ்வளவுதான். அந்த மனுசருக்கு அது ஒரு விசயமே இல்லை. நமக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பெட்டி முந்தின நாள் போலவே மேட்டுக்குக் கீழே மண்ணில் இருந்தது. மேட்டில் நின்று கொட்டினால் சிதறும், ஓவர்சியர் வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறார். மேஸ்திரி இறங்கி வந்து, இடுப்பை வளைத்து, நிறுத்தி வைத்திருந்த நம் இரண்டு பேர் கூலியையும் பெட்டிக்குள் அளந்தார். நீங்கள் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தீர்கள். தெருமுனை திரும்பியதும்தான் என் கையைக் கிள்ளினீர்கள்: "பாத்தியா, இன்னைக்குக் குனிஞ்சது ஆரு?" அடுத்த கூலிக்குப் பார்த்தால் பெண்கள் பானையும் குண்டாவும் முறமுமாக வந்து நின்றார்கள். கலெக்டர் பொண்டாட்டி என்று சிரித்தவள் குழம்புச் சட்டியோடு வந்திருந்தாள்.

அவ்வளவு ரோசமாக வாங்கி வந்த கோதுமையை என்ன செய்தோம்? அரிசி மாதிரி உலையில் போட்டோம்! விறகு தீர்ந்ததே தவிர அது வேகவில்லை. "கல்ல அவிச்சு வச்சிருக்கீகளா?" என்று படுக்கையிலிருந்தே அண்ணன் சிரித்தார். பல நாள் கழித்து அவர் சிரித்த சிரிப்பு அது. நீங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தீர்கள். பிறகு திருகையில் அரைத்துக் களி கிண்டியதெல்லாம் தனிக்கதை.

மதினி, நீங்கள் போன பிறகு எத்தனையோ பேரோடு பேசுகிறேன். சண்டை போட ஆள் இல்லை. கையைக் கிள்ள ஆள் இல்லை. உங்கள் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்று சில நாள் கிடந்து தவிக்கிறேன்.

பரணில் இருந்த உங்கள் நார்ப்பெட்டியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு இன்று மறுபடி கடைக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். அந்தத் தம்பி வெளியே வந்து, குனிந்து, ஒரு மணி சிதறாமல் கொட்டினான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீங்கள் கிள்ளுவதற்கென்று கையைப் பக்கத்தில் நீட்டிவிட்டேன், மதினி.