பல்லவி மட்டும் தெரிந்த பொறியாளர்

நாள் 212, 09:10
சனிக்கோள் வளைய நிலையம். காற்று, நீர், மின்சாரம் சரி. எழுதுவது நிலையத்தின் கணினி. இதைக் கண்டெடுப்பவர் இங்கிருந்த ஒரே மனிதரை அறிந்துகொள்ள வேண்டும். பெயர் மருதையன், வயது நாற்பத்தாறு, பொறியாளர். போன வருடம் வயலின் தொடங்கினார். இன்று ஓர் இலக்கு சொன்னார்: அடுத்த சரக்குக் கலம் வருவதற்குள் ஒரு கர்நாடக இசை வர்ணத்தை முழுவதும் வாசிப்பது. பயிற்சி அட்டவணைக்கு வண்ணங்கள் கேட்டார். அவற்றைத் தேர்ந்தெடுப்பதிலேயே பயிற்சி நேரம் முடிந்தது.

நாள் 230, 18:00
பல்லவியில் தொடங்குகிறார். சரணத்தில் விரல் சிக்குகிறது. வில்லைத் தூக்கி, தொண்டையைக் கனைத்து, மறுபடி பல்லவி. சிக்கிய இரண்டு வரிகளை மட்டும் மெதுவாக வாசிக்கும்படி எழுதிக் கொடுத்தேன். "அது வாசிச்ச மாதிரியே இருக்காது" என்றார். பல்லவி நன்றாக இருக்கிறது. போன மாதமும் நன்றாகத்தான் இருந்தது.

சரக்குக் கலத்தை ஓட்டிவரும் செங்கமலத்தின் செய்தி: "என்னண்ணே, இன்னும் பல்லவிதானா? அந்த வயலினுக்கே அலுத்துப் போயிருக்குமே!"

அவர் பதில்: "வா புள்ள, வந்து கேட்டுட்டுப் பேசு."

நாள் 241, 11:30
வரும் கலத்தைப் பிடித்து நிறுத்தும் இயந்திரக் கைக்கும் எனக்கும் இடையிலான கம்பி கருகிவிட்டது. மாற்றுக் கம்பி செங்கமலத்திடம்தான் இருக்கிறது. மருதையனே கையை இயக்க வேண்டும். அவள் கலத்தில் ஒருமுறை நெருங்கத்தான் எரிபொருள். தவறினால் சனிக்கோளுக்குள் விழுவாள்.

திரையில் ஒத்திகை வைத்தேன். கையை நீட்டுகிறார், விரிக்கிறார்: அழகு. கலத்தின் ஆட்டத்துக்கு ஈடுகொடுக்கும் இடத்தில் தடுமாறுகிறார். உடனே தொடக்கப் பொத்தானை அழுத்துகிறார்; கை மடங்கி, எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. தடுமாறும் இடத்தை மட்டும் பழகச் சொன்னேன். "முழுசா ஓட்டினாத்தான் கை பழகும்" என்றார். பிறகு இதற்கும் வண்ண அட்டவணை கேட்டார்.

மனிதர்கள் மூளை என்று ஒன்றை எதற்குச் சுமக்கிறார்கள் என்று தெரியவில்லை.

நாள் 258, 14:02
செங்கமலம்: "வந்துட்டேண்ணே. கலம் கொஞ்சம் ஆடுது. பாத்துப் பிடிங்க."

கையை நீட்டினார். விரித்தார். குறையே இல்லை.

14:05
ஆட்டம். தடுமாறினார்.

செங்கமலம்: "பரவால்லண்ணே, கையை அப்படியே வச்சிருங்க. நானே கைக்கு நேரா வர்றேன். எடுத்துராதீங்க."

தொண்டையைக் கனைத்தார். தொடக்கப் பொத்தானை அழுத்தாதீர்கள் என்று திரை முழுவதும் எழுதினேன். அழுத்தினார். கை மடங்கி உள்ளே வந்தது.

செங்கமலம்: "அண்ணே? கை எங்கண்ணே?"

மறுபடி நீட்டினார். விரித்தார். முன்பைவிட அழகு. எதிரே எதுவும் இல்லை.

14:40
அவள் குரல் இன்னும் வருகிறது. வளையத்தைத் தாண்டி, சனிக்கோளை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறாள்.

செங்கமலம்: "அழாதீங்கண்ணே. ஏதாச்சும் பேசுங்க. இங்க பேச்சுக்கு ஆளில்ல."

ஒலிவாங்கியை எடுத்தார். "புள்ள, நான் வேணும்னு..." நிறுத்தினார். கனைத்தார். "புள்ள, நான் வேணும்னு..."

14:52
"புள்ள, நான்..."

செங்கமலம்: "கேக்குதுண்ணே. மேல சொல்லுங்க."

15:07
அலைவரிசையில் இரைச்சல் மட்டும். நிறுத்தச் சொல்லி எழுதினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை.

"புள்ள, நான்..."