கிளையில் மாட்டிய வேஷ்டி

நண்பா,

நேற்று டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது அடியிலிருந்து உன் கைலி வந்து விழுந்தது. பச்சைக் கட்டம், அந்துருண்டை வாசனை. பதினேழு வருஷமாக நான் திருப்பித் தராத கைலி. நீ இறந்துபோய் நாற்பது நாளாகிவிட்டது என்று பெரிய கடைவீதியில் உன் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு மறுநாளா இது கிடைக்க வேண்டும்? எரிச்சலாக வந்தது. இன்று விடிந்ததும் அதைப் பையில் திணித்துக்கொண்டு புளியஞ்சோலைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

நாம் பி.ஏ. பாஸ் செய்த வாரம் போனோமே, அதே வழி. துறையூரில் பஸ் மாறி, இறங்கியதும் ஓடையோரமாக நடை. அரை மணி நேரம்கூட இல்லை. நாலு இடத்தில் கல் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். அருவி கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். அன்று அந்தச் சத்தம் கேட்டதும் நீ ஓடினாய். நானும் புளியோதரைத் தூக்கோடு பின்னால் ஓடினேன்.

"ஐயங்காரே, கொட்டிடாதேப்பா! எனக்கு அருவியைவிட அதுதான் முக்கியம்!"

இன்றும் ஓடினேன். நாற்பதை நெருங்குகிறவன் ஓடுவதைப் பார்த்து விறகு சுமந்து வந்த பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கொல்லிமலையின் பச்சைக்கு நடுவே வெள்ளையாக இறங்கியது தண்ணீர். உன் கைலியைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். தலையில் விழுந்த அடியில் மூச்சு முட்டியது, வாய்விட்டுக் கத்தினேன்.

அன்று நான் குளிப்பதற்கு முன்பே என் வேஷ்டியை அலசினேன். மறுமுனையைப் பிடித்துப் பிழிய நீ கை நீட்டினாய். "தொட்டுடாதே, மடி" என்றேன். நீ கையை இழுத்துக்கொண்டாய். உனக்கு எட்டாத கிளையாகப் பார்த்து, ஒரு குச்சியால் தூக்கி அதை உலர்த்தினேன். நாம் குளித்துவிட்டு வந்தபோது கிளையில் ஒரு குரங்கு என் வேஷ்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"தொடாதேன்னு என்கிட்ட சொன்னே. அவர்கிட்ட சொல்லலையா?" என்றாய். குரங்கு அதை இழுத்துக்கொண்டு மலையேறிவிட்டது. இடுப்பில் ஈரத்துண்டோடு நின்ற எனக்கு உன்னிடமிருந்த ஒரே உலர்ந்த கைலியைக் கொடுத்தாய். "சீட்டை நனைக்காதீங்க பாய்" என்று கண்டக்டர் திட்டியதால், ஈரக் கைலியோடு திருச்சிவரை நின்றுகொண்டே வந்தாய். நான் ஸ்ரீரங்கத்தில் கொல்லைப்புறமாக நுழைந்தேன். "வேஷ்டியைத் தண்ணி அடிச்சுண்டு போயிடுத்துப்பா" என்று அப்பாவிடம் பொய் சொன்னேன்.

மறு வருஷம் என் கல்யாணத்தில் நீ அந்தப் பொய்யை உடைத்தாய். என் மாமனார், சம்பந்திகள், கூடம் நிறைய ஜனம். "உங்க மாப்பிள்ளைக்குக் கைலி நல்லா எடுக்கும் மாமா!" என்று ஆரம்பித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை; அன்றிலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். நீ எழுதிய மூன்று கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை. இன்றும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

இன்று சாயங்காலம் கைலியோடே, முன்வாசலுக்கே போகலாம் என்று தெருவில் நுழைந்தேன். எதிர்வீட்டு ராகவன் பார்த்துவிட்டார்.

"என்ன ஸ்வாமி, இது என்ன கோலம்?"

நடுத்தெருவில் நின்று கதை முழுவதையும் சொன்னேன். குரங்கு வரும் இடத்தில், நீ நிறுத்துவாயே, அதே மாதிரி நிறுத்தினேன். மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அது சரி, அத்தனை உசரத்துல யார் மாட்டினா?"

கல்யாணத்தில் என் மாமனாரும் இதையேதான் கேட்டார். "என் தப்புதான் மாமா. நான்தான் மாட்டினேன், சீக்கிரம் காயட்டும்னு" என்று நீ சொன்னாய். கோபத்தில் அது அன்று என் காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை. இத்தனை வருஷம் கழித்து இன்று தெருவில்தான் போயிற்று.

"நான்தான் ஓய். அவன் தொட்டுடக் கூடாதுன்னு."

ராகவன் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

உள்ளே வந்து கிணற்றடியில் உன் கைலியை அலசினேன். ஒரு முனையைத் துவைக்கிற கல்லில் வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை இரண்டு கையாலும் முறுக்கினேன். தண்ணீர் பாதிகூட இறங்கவில்லை. தனியாளாகப் பிழிய வராது. கொடியில் போட்டிருக்கிறேன், இன்னும் சொட்டுகிறது.