மூன்றாவது அறிவித்தல்

ஆவணி 3, ஞாயிறு
கச்சான் காற்று. சோற்றிலும் மண். மாதா கோயில் பூசையில் என் தம்பிக்கும் நிரோசாவுக்கும் முதலாவது கலியாண அறிவித்தல். தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று சுவாமி வாசித்தார். யார் சொல்லப்போகிறார்கள்? நிரோசா இவருடைய தங்கச்சி, என் மாமா மகள். நானும் இவரும் முடித்த அதே சொந்தம். ஆயரிடம் அனுமதிக் கடிதம் எடுத்தாயிற்று, அன்று எங்களுக்கு எடுத்ததுபோல.

செவ்வாய் மகளுக்கு வவுனியாவில் கண் கிளினிக். எடுக்க: கொப்பி, தண்ணீர்ப் போத்தல், வாந்திக்குப் பை.

ஆவணி 5, செவ்வாய்
பை வழியில் ஒட்டுசுட்டானிலேயே நிறைந்துவிட்டது. மிச்சம் என் சீலையில்.

மகளுக்கு இரண்டு கண்ணிலும் கண்மணி ஓரத்தில். உள்ளே வில்லையும் நழுவியிருக்கிறதாம். டொக்டர் கேட்டார்: "நீங்கள் ரெண்டு பேரும் சொந்தமோ? சொந்தத்துக்குள்ளை முடிச்சால் இது பிள்ளையளுக்கு வாற சந்தர்ப்பம் கூட."

இவர்: "இல்லை டொக்டர். நாங்கள் பிறத்தி."

ஆயருக்குக் கையெழுத்து வைத்துச் சொன்ன உண்மை. டொக்டருக்குச் சொல்ல வாய் இல்லை. சீ! நான்? சீலையில் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர்: "தங்கச்சின்ரை கலியாணம் முடியட்டும். அவளிட்டை வாய் திறவாதை."

ஆவணி 7, வியாழன்
மாமி அயலில் பிள்ளை பெற்றவளிடம் சிரட்டையில் பால் வாங்கிவந்து மகளின் கண்ணுக்குள் ஊற்றினா. புளித்த மணம். பிள்ளை கத்தக் கத்த. என்னைக் காட்டி, "உவள் வயித்திலை பிள்ளையோடை கிரகணத்துக்கு வெளியிலை திரிஞ்சவள், அதான்." சிரட்டையைப் பறித்து வேலிக்கு எறிந்தேன்.

தம்பிக்கு போன் எடுத்து எல்லாம் சொன்னேன். "அக்கா, மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம்." என் கூடப்பிறந்தவன்!

ஆவணி 10, ஞாயிறு
இரண்டாவது அறிவித்தல். கோயிலில் மகள் வழமைபோல நிரோசாவின் மடியில். பின்னேரம் குசினியில் நிரோசா கேட்டாள்: "மச்சாள், டொக்டர் என்ன சொன்னவர்?"

"கண்ணாடி போட்டால் சரியாம்."

எனக்குப் பொய் இவ்வளவு லேசாக வரும் என்று இன்றுதான் தெரியும். மாமி கேட்டுவிட்டுச் சிரித்தா. என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே அருவருப்பு.

தேங்காய் முடிந்தது. சவர்க்காரமும்.

ஆவணி 17, ஞாயிறு
மூன்றாவது. தடை தெரிந்தவர்கள் என்று சுவாமி தொடங்கியதும் மகளைத் தூக்கிக்கொண்டு, சொல்லவென்றே எழும்பினேன். பிள்ளைக்கு மூத்திரம் வருகிறது என்று நினைத்து எல்லாரும் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். விட்ட வழியால் நானும் வெளியே போனேன். த்தூ.

மதிலடியில் நிற்க, பின்னால் நிரோசா. "என்னட்டைத் தாங்கோ மச்சாள், உங்களுக்குக் கை நோகும்." கொடுத்தேன். பிறகு எல்லாம் சொன்னேன். டொக்டர் கேட்டது, இவர் சொன்னது, தம்பி சொன்னது, என் கண்ணாடிப் பொய்.

கடைசி வரை கேட்டாள். மகள் தலையைச் சரித்து அவள் முகத்தையே பார்த்தபடி. வீடு வரை பிள்ளையை அவளே தூக்கி வந்தாள். என்னைத் திரும்பிப் பாராமல், முன்னால் நடந்து.