ஏழாம் நாள் இரத்தம்

1996 யூலை 16, செவ்வாய்

ஆய்வுகூடத்தில் இன்றும் எட்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றப் பிந்திய பியூனை வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். ஒரு தரம் சூட்டுப்பெட்டி ஆறினால் உள்ளே தட்டில் இருக்கிற இரத்தக் கலங்கள், செல்கள், எல்லாம் செத்துப்போகும். அவருக்கென்ன, மாதம் முடியச் சம்பளம் வரும்.

தடுப்பூசி ஆய்வுக்குப் பதினொரு பேர் முடிந்தது. இன்னும் ஒருவர் வேண்டும். பன்னிரண்டு பேர் இருந்தால்தான் ஆய்வுக்குக் காசு தருகிற சுவீடன்காரர் கட்டுரையை எடுப்பார்கள். கட்டுரையில் என் பெயர் வந்தால்தான் அங்கே ஆறு மாதப் பயிற்சி. ஆறு மாதமென்று போனவர்களில் யார் திரும்பி வந்தது? முப்பத்தெட்டு வயது, வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறை, ஆமி வந்து தட்டும்போதெல்லாம் பொலிஸ் பதிவுத் துண்டை நீட்ட வேண்டும். போதுமடா சாமி.

யூலை 20, சனி

பன்னிரண்டாவது ஆள் வந்தார். ஹியூபேட், இருபத்துநாலு வயது, கொட்டாஞ்சேனை, துறைமுகத்தில் கிளார்க். ஏற்பு ஊசி, டெற்றனசுக்கு, போட்டேன்.

"ஊசி போட்டாச்சு. பிறகேன் அக்கா திரும்பி வரவேணும்?"

ஏற்புக் கிருமியை எதிர்க்கிற பிறபொருளெதிரியை, அன்ரிபொடியை, செய்கிற கலங்கள் ஊசி போட்டு ஏழாம் நாள்தான் இரத்தத்தில் நிறைய ஓடும், பத்தாம் நாள் தேடினால் இராது என்று சொன்னேன். எடுத்து வைத்துப் பிறகு பார்க்கவும் இயலாது. உயிரோடு தட்டில் விடவேண்டும். ஒவ்வொரு கலமும் இருந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி விழும். அதை எண்ணுவது நான்.

"அப்ப அடுத்த சனி வாறன். தேத்தண்ணி தருவீங்கள்தானே?"

"நேரத்துக்கு வந்தால் தேத்தண்ணி. பிந்தினால் கன்னத்தில் அறைதான்" என்றேன். சிரித்துக்கொண்டு போனான்.

யூலை 24, புதன்

தெஹிவளையில் ரயிலில் குண்டு. நிறையச் சனம் செத்துப்போச்சு. எங்கள் லேன் முழுக்க ஆமி, தமிழரைச் சோதிக்க.

யூலை 25, வியாழன்

ஹியூபேட்டின் தாய் யோசெப்பின் போன் எடுத்தா. "மிஸ், என்ர பிள்ளையை பொலிஸ் பஸ்ஸால இறக்கிக் கொண்டு போயிட்டாங்கள். அடையாள அட்டையில பிறந்த இடம் மன்னார். எந்த ஸ்டேசனுக்குப் போனாலும் இல்லை எண்டுறாங்கள். உங்கட பெரிய டொக்டரிட்டை ஒருக்காச் சொல்லுங்கோ மிஸ்."

எனக்கு முதலில் வந்த யோசனை என்ன? இஞ்சையும் பொய் எழுதி என்ன செய்ய — இன்றைக்கு ஐந்தாம் நாள். அதுதான்.

யூலை 26, வெள்ளி

எங்கள் பெரிய டொக்டர் நாகேந்திரம் விசாரித்துவிட்டார். ஒரு ஸ்டேசனின் பொறுப்பதிகாரி அவரிடம் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்க வருகிறவர். பிள்ளை அங்கேதான்.

"ஆனால் பிடிச்சதைப் புத்தகத்தில பதியேல்லையாம்" என்றார். "ஒரு உதவிதான் கேக்கலாம் அருந்ததி. கூடக் கேட்டால் என்னையும் வேற மாதிரிப் பாப்பாங்கள்."

பிள்ளையை விடச்சொல்லிக் கேளுங்கோ என்று நான் சொல்லவில்லை. "நாளைக்கு ஏழாம் நாள் சேர். இரத்தம் எடுக்கவாவது விடச்சொல்லிக் கேளுங்கோ" என்றேன்.

சேர் கதவைச் சாத்தினார். பிறகு போனை எடுத்தார்.

யூலை 27, சனி

பையில் ஊசி, குழாய்கள், பதிவுப் புத்தகம், பிளாஸ்கில் தேத்தண்ணி. ஸ்டேசனில் பத்து நிமிடம் தந்தார்கள்.

ஹியூபேட்டின் கீழ்ச் சொண்டு வெடித்திருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த அடையாளம்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போகவோ அக்கா வந்தனீங்கள்?"

"இரத்தத்துக்கு" என்றேன்.

இடது கை வீங்கி நரம்பு பிடிபடவில்லை. வலது கையில் குத்தினேன். தண்ணி குடியாத உடம்பு, இரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அவன் பிளாஸ்கைப் பார்த்தான். "தேத்தண்ணியோ அக்கா?"

"முதல் இது முடியட்டும். அசையாதே."

இருபது மில்லி லீற்றர். புத்தகத்தில் கையெழுத்தும் வாங்கினேன். பிளாஸ்க் மூடியைத் திறக்கிறேன், கொன்ஸ்டபிள் "ஹரி மிஸ், எத்தி" என்று, போதுமாம், அவனை எழுப்பிவிட்டான்.

"இஞ்ச இருக்கிறன் எண்டு அம்மாட்டை மட்டும் சொல்லுங்கோ அக்கா."

ஓம் என்றேன். வாசலில் பொறுப்பதிகாரி, நீ இங்கே யாரையும் காணவில்லை, விளங்கினதா என்று சிங்களத்தில் கேட்டார். அதற்கும் ஓம் என்றேன்.

ஆய்வுகூடத்தில் இரத்தத்தைச் சுழற்றப் போட்டுவிட்டுப் பிளாஸ்கைத் திறந்தேன். இன்னும் சூடாக இருந்தது. நானே குடித்தேன்.

யூலை 28, ஞாயிறு

ஹியூபேட்டின் தட்டில் பத்து லட்சம் கலத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி. பதினொரு பேரில் ஒருவரும் முந்நூறைத் தாண்டவில்லை. மூன்று தரம் எண்ணினேன். சந்தோசப்பட்டேன். ஓம், சந்தோசப்பட்டனான்.

யூலை 29, திங்கள்

பதிவுப் புத்தகத்தில் 'எடுத்த இடம்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். சேர் கண்டுவிட்டார்.

"பொலிசில எடுத்ததெண்டு தெரிஞ்சால் சுவீடன்காரர் கட்டுரையைத் தூக்கி எறிவாங்கள். மற்றவைக்கு என்ன போட்டனீர்?"

"ஆய்வுகூடம்."

"அதையே போடும்."

போட்டேன். ஆய்வுகூடம், மு.ப. 10.20. அதே பேனை, அதே எழுத்து.

ஓகஸ்ட் 2, வெள்ளி

யோசெப்பின் மூன்று தரம் போன். நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். பிள்ளை இருக்கிற இடத்தைச் சொன்னால் அந்த மனுசி நேரே ஸ்டேசன் வாசலில் போய் நின்று அழுது குளறும். ஆர் சொன்னது என்று கேட்பார்கள். பிறகு நான் எங்கே, சுவீடன் எங்கே?

ஓகஸ்ட் 13, செவ்வாய்

தாய் மேலிடங்களுக்கெல்லாம் முறைப்பாடு எழுதிவிட்டாவாம். அந்த ஸ்டேசனிலிருந்து சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து பதிவுப் புத்தகத்தைக் கேட்டார்கள். சேர் எடுத்துக் கொடுத்தார். எங்கள் போட்டோக்கொப்பி மெசினிலேயே கொப்பி அடித்தார்கள்; சுவிச்சைப் போட்டது நான். என் எழுத்து லஸ்ஸனய், வடிவாம், என்று ஒருவன் புகழ்ந்துவிட்டுப் போனான்.

அவர்களுக்கு வேண்டியதை நானே எழுதி வைத்திருக்கிறேன். இருபத்தேழாம் திகதி ஹியூபேட் வெளியில் இருந்தானாம், தன் காலால் நடந்து இங்கே வந்தானாம். ஐயோ, என்ன வேலை செய்தாய் அருந்ததி!

ஓகஸ்ட் 21, புதன்

யோசெப்பின் நேரில் வந்தா. கையில் பொலிஸ் கொடுத்த அந்தக் கொப்பி. முகமெல்லாம் சிரிப்பு.

"அவன் இஞ்ச வந்திருக்கிறான் மிஸ்! அவன்ர கையெழுத்து எனக்குத் தெரியாதே? பொலிஸ் பிடிச்சிருந்தாலும் விட்டிட்டாங்கள். நான் வீணாப் பழி சொல்லிப்போட்டன். முறைப்பாட்டைத் திருப்பி எடுத்திட்டுத்தான் வாறன்." என் கையைப் பிடித்தா. "எப்பிடி இருந்தவன் மிஸ்? ஏதும் சாப்பிட்டவனோ?"

சொல்லடி அருந்ததி, இப்ப சொல்லு. சேரின் கதவு பாதி திறந்திருந்தது.

"நல்லா இருந்தவன் அம்மா. தேத்தண்ணி குடிச்சிட்டு பஸ் எடுக்கப் போனவன்."

"எந்தப் பக்கத்து பஸ்?"

"கொட்டாஞ்சேனைப் பக்கம்" என்றேன்.

நவம்பர் 30, சனி

விசா வந்துவிட்டது. கட்டுரையில் என் பெயர் மூன்றாவது.

யோசெப்பின் சனிக்கிழமை தவறாமல் ஆய்வுகூடத்துக்கு முன் பஸ் தரிப்பில் நிற்கிறா. மகனின் படத்தை ஒவ்வொரு கொண்டக்டரிடமும் காட்டி, யூலை இருபத்தேழு, பத்தரை மணி பஸ், ஏறினவனோ என்று கேட்கிறா. நான் இவ்வளவு நாளும் பின் கேற்றால் போய்வந்தேன். இன்றைக்கு அது பூட்டு. என்னைக் கண்டுவிட்டா.

"அண்டைக்கு அவன்ர வயித்தில ஒரு தேத்தண்ணியாவது போனதே மிஸ். அதை நினைச்சுத்தான் நித்திரை கொள்ளுறன். ஆண்டவர் உங்களைக் கைவிடமாட்டார்."

என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

பின்னேரம் பெட்டி அடுக்கினேன். பிளாஸ்கையும் வைத்தேன். அங்கே சரியான குளிராம்.